பார்க்காத கடைமேல் ஒரு நம்பிக்கை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள். 1960-களின் கடைசியில், இரண்டிலும் வெளிவந்த மாணவர் நாளிதழ்களில், வழக்கமாக விளம்பரம் வரும் இடத்தில் கட்டம் கட்டிய ஒரு சிறு பெட்டி தோன்ற ஆரம்பித்தது. பெட்டிக்குள் ஒரே ஒரு சொல். ஒருநாள் 'கதிர்கா'. இன்னொரு நாள் 'சரிசிக்'. பிறகு 'நன்சோமா'. அதற்கு என்ன பொருள், யார் கொடுத்த விளம்பரம், எதை விற்கிறார்கள் என்று ஒரு வரி விளக்கமும் கிடையாது. சில சொற்கள் ஒரே தடவை வந்து மறைந்தன. சில 2 தடவை, சில 5 தடவை, சில 10 தடவை. 25 தடவை வந்த சொல்லும் உண்டு.

பிறகு மாணவர்களிடம் அந்தச் சொற்களைக் கொடுத்து, இவை நல்லதைக் குறிக்கும் என்று தோன்றுகிறதா, கெட்டதையா என்று கேட்டார்கள். எந்தச் சொல் அதிகத் தடவை அச்சானதோ, அதற்கே நல்ல பொருள் இருக்கும் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். அந்தச் சொல்லின் ஓசை இயல்பிலேயே இனிமையாக இருந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அதற்கும் முன்கூட்டியே வழி செய்திருந்தார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் 25 தடவை வந்த சொல், மற்றதில் ஒரே தடவைதான் வந்தது. ஆகவே இங்கே நல்ல சொல்லாகத் தோன்றியது, அங்கே அப்படித் தோன்றவில்லை.

இந்தச் சோதனையைத் தன் சகா ராஜெக்கியோடு சேர்ந்து செய்தவர் ராபர்ட் ஸயான்ஸ். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய உளவியலாளர். ஒரு பொருளோ முகமோ சொல்லோ திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே போதும், அதன்மேல் ஒரு பிடிப்பு வந்துவிடும் என்பதை 1968-ல் விரிவாக எழுதியவர் அவர்தான். அவர் கொடுத்த விளக்கம் எளிமையானது. ஓர் உயிர் ஏதோ ஒன்றை அடிக்கடி எதிர்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் அதனால் ஒரு கெடுதலும் நேரவில்லை என்றால், அதை ஆபத்தில்லாதது என்று மூளை குறித்துக்கொள்கிறது. பழகியது பத்திரமானது. பத்திரமானது பிடித்துப்போகிறது. இதற்கு யோசனையே தேவையில்லை என்பதுதான் ஆச்சரியம்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1992-ல் வெளியான ஆய்வு இன்னும் வேடிக்கையானது. தோற்றத்தில் ஏறத்தாழ ஒத்த 4 பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் ஒரு வகுப்புக்கு 15 தடவை போனார், ஒருவர் 10 தடவை, ஒருவர் 5 தடவை, ஒருவர் போகவே இல்லை. யாரிடமும் பேசக் கூடாது. வந்து உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். பருவத்தின் முடிவில் அந்த வகுப்பு மாணவர்களிடம் 4 பேரின் படங்களையும் காட்டினார்கள். அதிகத் தடவை வந்தவரையே அதிகம் பிடித்தது. அவரை முன்பு பார்த்த நினைவுகூடப் பெரும்பாலான மாணவர்களுக்குத் தெளிவாக இல்லை.

இணையத்தில் கடை வைத்திருப்பவர் எவருக்கும் இந்த ஆய்வுகளைப் படித்தவுடன் ஒரு சபலம் வரும். அப்படியானால் தினமும் நாலு பதிவு போட்டு, எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே இருந்தால் போதுமே? போதாது. பழகப் பழகப் பாலும் புளிக்கும். இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகளை 1989-ல் தொகுத்துப் பார்த்த ராபர்ட் பார்ன்ஸ்டீன், ஒரு கட்டத்துக்குப் பிறகு சலிப்பு பிடிப்பைத் தின்றுவிடுகிறது என்று கண்டார். எளிய உருவங்கள் சீக்கிரம் சலிக்கின்றன. சற்றுச் சிக்கலான, பார்க்கப் பார்க்க விஷயம் உள்ளவை மெதுவாகத்தான் சலிக்கின்றன. ஒரே விளம்பரம் நூறாவது தடவை வரும்போது ஏன் எரிச்சல் வருகிறது, ஒரே மனிதர் நூறாவது தடவை புதிதாக ஒன்றைச் சொல்லும்போது ஏன் வருவதில்லை என்பதற்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது.

மீதிப் பாதி மனிதக் குரலில் இருக்கிறது. தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில், 1956-ல், டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் கேமராவைப் பார்த்துப் பேசுகிறார். வீட்டில் இருப்பவர் தன்னோடு பேசுவதாகவே உணர்கிறார். நாள் செல்லச் செல்ல அந்த மனிதரைத் தெரிந்தவர்போல நடத்துகிறார். உறவு ஒருபக்கத்தில் மட்டும்தான். ஆனால் அந்த ஒருபக்கத்தில் அது உண்மையான உறவுக்கு உரிய உணர்ச்சிகளோடு இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற கிராமத்து வயலில் அடுப்பு மூட்டிச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனலை இணையத்தில் பார்ப்பவர்கள் அதில் வரும் பெரியவரைத் தாத்தா என்றே கமென்ட்டில் அழைக்கிறார்கள். 2018-ல் தொடங்கிய அந்தச் சேனல் 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனலானது. ஹார்ட்டனும் வோலும் பார்த்தது இதைத்தான். திரையின் அளவுதான் மாறியிருக்கிறது.

ஆனால் பிடித்திருப்பது வேறு, பணத்தைக் கொடுப்பது வேறு. தாத்தாவைப் பிடித்திருப்பதால் யாரும் 20 லட்சம் ரூபாய்க்கு எதையும் வாங்கிவிட மாட்டார்கள். பெரிய பணம் கைமாறும் இடத்தில் குறுக்கே நிற்பது பயம். விற்பவருக்குச் சரக்கைப் பற்றி எல்லாம் தெரியும், வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை உதாரணமாகக் காட்டி இதை விளக்கினார். எந்தக் கார் நல்லது, எது ஓட்டை என்று வாங்குபவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அவர் எல்லாக் காரையும் ஓட்டையாகவே நினைத்து விலையைக் குறைப்பார். குறைந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் முன்வர மாட்டார்கள். கடைசியில் சந்தையில் ஓட்டைக் கார்கள்தான் மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு அகர்லாஃப் சொன்னது மனம் உடையும் செய்தி. உன் சரக்கு நல்லதாக இருந்தாலும், நல்லது என்று வெளியே தெரியாவிட்டால் பிரயோஜனம் இல்லை.

இங்கேதான் இணையத்தில் எழுதுவது அறிவியல் நோக்கில் சுவாரசியமாகிறது. கன்டென்ட் மார்க்கெட்டிங் என்று தொழிலில் சொல்வதன் அடிப்படை, சரக்கைப் பற்றிய அறிவை வாங்குபவர் கேட்கும் முன்பே அவர் கையில் இலவசமாகக் கொடுத்துவிடுவது. அதை ஆழமாகச் செய்து பார்த்த ஒரு கடை வர்ஜீனியாவில் இருந்தது. ரிவர் பூல்ஸ் என்று பெயர். வீட்டுத் தோட்டத்தில் நீச்சல்குளம் பதித்துக் கொடுக்கும் தொழில். 2008-ல் அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்தபோது, வீட்டை ஈடாக வைத்துக் கடன் வாங்கிக் குளம் கட்டுகிறவர்கள் மாயமானார்கள். கம்பெனி மூடும் நிலைக்கு வந்துவிட்டது. பங்குதாரர்களில் ஒருவரான மார்கஸ் ஷெரிடன், விளம்பரத்துக்குப் பணம் இல்லாத நிலையில், இத்தனை வருடங்களில் வாடிக்கையாளர்கள் தன்னிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்து, இரவு நேரத்தில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பதில் எழுத ஆரம்பித்தார்.

முதலில் எழுதியவற்றில் ஒன்று விலை. ஃபைபர்கிளாஸ் குளம் என்ன விலை ஆகும்? அந்தத் தொழிலில் யாரும் இதை வெளிப்படையாக எழுதியதில்லை. நம் ஊரிலும் இது தெரிந்த கதைதான்: மாடுலர் கிச்சனுக்கோ சோலார் பேனலுக்கோ விலை கேட்டால், 'நம்பர் குடுங்க சார், எங்க ஆள் வந்து பார்த்துட்டு சொல்வாங்க' என்பார்கள். ஷெரிடனுக்கும் ஒரே விலை சொல்ல முடியாதுதான். குளத்தின் அளவு, மண், சுற்றுத்தளம், வேலி என்று எத்தனையோ இருக்கிறது. அவர் அந்த எத்தனையோவைத்தான் எழுதினார். எது எதனால் விலை கூடும், எதைத் தவிர்த்தால் குறையும், மொத்தத்தில் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குள் அடங்கும் என்று.

அடுத்தது இன்னும் துணிச்சல். தான் விற்கும் ஃபைபர்கிளாஸ் குளத்தின் குறைகளை எழுதினார். அது தொழிற்சாலையில் அச்சில் வார்த்து, முழுத் தொட்டியாக லாரியில் வருவது. சாலையில் கொண்டுவர வேண்டும் என்பதால் சுமார் 16 அடிக்கு மேல் அகலம் போக முடியாது. அச்சில் இருக்கும் வடிவங்கள்தான் கிடைக்கும். நினைத்த வடிவம் வேண்டும் என்றால் கான்கிரீட்தான். ஆரம்பச் செலவு குறைய வேண்டும் என்றால் வினைல் விரிப்புக் குளம். ஆனால் விரிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். யாருக்கு எது பொருந்தும், யாருக்குத் தன் சரக்கு பொருந்தாது என்பது வரை எழுதினார். ரிச்மண்ட் நகர வட்டாரத்தில் நல்ல குளம் கட்டுபவர்கள் யார் என்று ஒரு பட்டியலும் போட்டார். அதில் போட்டியாளர்களின் பெயர்கள் இருந்தன, தன் கம்பெனியின் பெயர் இல்லை.

கம்பெனி பிழைத்தது. பின்னாளில் தானே குளங்களைத் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஷெரிடன் சொல்லும் ஒரு கணக்கு உண்டு: நேரில் பேச அழைக்கும் முன்பே தளத்தில் 30 பக்கமோ அதற்கு மேலோ படித்திருந்தவர்களில் 80 சதவீதம் பேர் வாங்கினார்களாம். இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குளம் கட்டியே தீர்வது என்று முடிவெடுத்தவர்தான் 30 பக்கம் படிப்பார். படித்ததால் வாங்கினாரா, வாங்கப்போவதால் படித்தாரா என்று ஒரு கடையின் கணக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ஆனாலும், ஒரு நீச்சல்குளக் கடை எழுதியதை 30 பக்கம் ஒருவர் உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பதே சாதாரண விஷயம் இல்லை.

குறையைச் சொன்னால் வியாபாரம் எப்படி வளரும்? இதற்கான பதிலை ஆய்வாளர்கள் போர்க்காலத்திலேயே தேடியிருக்கிறார்கள். 1945-ல் ஜெர்மனி வீழ்ந்த கையோடு, ஜப்பானுடனான போர் இன்னும் நெடுநாள் நீளும் என்பதைத் தன் வீரர்களுக்கு உணர்த்த அமெரிக்க ராணுவம் விரும்பியது. கார்ல் ஹாவ்லண்ட் தலைமையிலான உளவியலாளர்கள் இரண்டு வானொலி உரைகளைத் தயாரித்தார்கள். ஒன்றில் போர் நீளும் என்பதற்கான காரணங்கள் மட்டும். மற்றதில் அதே காரணங்களோடு, சீக்கிரம் முடியலாம் என்பதற்கான காரணங்களும். ஏற்கெனவே நீளும் என்று நம்பியவர்களிடம் ஒருபக்க உரை நன்றாக எடுபட்டது. ஆனால் நம்பாதவர்களிடமும், கூடுதலாகப் படித்தவர்களிடமும் இரண்டு பக்கமும் பேசிய உரைதான் வென்றது.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 1953-ல் ஆர்தர் லம்ஸ்டேனும் இர்விங் ஜானிஸும் வெளியிட்ட தொடர் ஆய்வு. சோவியத் ரஷ்யாவால் அடுத்த சில ஆண்டுகளுக்கு அணுகுண்டுகளைப் பெருமளவில் தயாரிக்க முடியாது என்ற வாதத்தைப் பள்ளி மாணவர்களுக்குச் சொன்னார்கள். ஒரு குழுவுக்கு ஒருபக்க வாதம், இன்னொரு குழுவுக்கு இருபக்கமும். கேட்டு முடித்தவுடன் இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு நம்பின. பிறகு ஒரு வாரம் கழித்து எதிர்வாதத்தைக் கேட்க வைத்தார்கள். ஒருபக்கம் மட்டும் கேட்டிருந்தவர்களில் அநேகமாக எல்லோருமே கருத்தைக் கைவிட்டார்கள். இருபக்கமும் கேட்டிருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அசையவில்லை. எதிராளி சொல்வதை அவர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். அது அவர்களுக்குப் புதிது இல்லை. 1960-களில் வில்லியம் மெக்வயர் இதைக் கோட்பாடாக்கி, தடுப்பூசியோடு ஒப்பிட்டார். வலுவிழந்த கிருமியைக் கொஞ்சமாக உடலுக்குக் காட்டிவிட்டால், பிறகு நிஜக் கிருமி வரும்போது உடல் தயாராக இருக்கும்.

வர்ஜீனியாவுக்குத் திரும்புவோம். ஷெரிடனின் பக்கங்களைப் படித்த ஒருவர் வீட்டுக்கு நாளை கான்கிரீட் குளக்காரர் வருகிறார். 'ஃபைபர்கிளாஸில் நீங்கள் கேட்கும் அகலம் வராதே, அதை அவர்கள் சொன்னார்களா?' என்று கேட்கிறார். சொன்னார்கள். முதலில் சொன்னதே அவர்கள்தான். போட்டியாளரின் மிகக் கூர்மையான அம்பு அந்த இடத்தில் மழுங்கிவிடுகிறது. நீடிக்கும் விசுவாசத்துக்கு ஓர் உளவியல் வரையறை கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்: எதிர்வாதத்தைக் கேட்ட பிறகும் மாறாத நம்பிக்கை. தள்ளுபடி கூப்பனும் புள்ளி அட்டையும் வாடிக்கையாளரைத் திரும்ப வரவைக்கலாம். இன்னொரு கடை கூடுதலாக 5 சதவீதம் தள்ளுபடி கொடுக்கும்போது அவரை நிறுத்திவைக்க அவற்றால் முடியாது.

மூளைக்குள் இந்த நம்பிக்கை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். ஹூஸ்டனில் ரீட் மான்டேக்கின் குழு 2004-ல் கோக், பெப்ஸி இரண்டையும் வைத்து ஒரு சோதனை செய்தது. பெயர் தெரியாமல் குடித்தபோது மக்கள் இரண்டுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிந்தார்கள். ஒரு கோப்பையில் கோக் என்று பெயர் ஒட்டி, இன்னொன்றில் ஒட்டாமல், இரண்டிலும் கோக்கையே ஊற்றிக் கொடுத்தபோது, பெயர் இருந்த கோப்பையே சுவையானது என்றார்கள். அப்போது மூளையில் நினைவுகளோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் முதலிய பகுதிகள் சுறுசுறுப்படைந்தன. 2008-ல் அயோவாவில் கோனிக்ஸ், டிரானல் என்ற இருவர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார்கள். நெற்றிக்குப் பின்னே, கண்களுக்கு மேலாக உள்ள ஒரு மூளைப் பகுதி சேதமடைந்தவர்களை அழைத்து அதே பானங்களைக் கொடுத்தார்கள். பெயர் தெரியாதபோது, இந்தச் சோதனைக்கு வந்த மற்றவர்களைப் போலவே, இவர்களும் பெப்ஸியை விரும்பினார்கள். பெயரைக் காட்டியதும் மற்றவர்கள் கோக் பக்கம் சாய்ந்தார்கள்; இவர்கள் சாயவில்லை. நாக்கு சொன்னதையே கடைசிவரை சொன்னார்கள். நமக்கெல்லாம் ஒரு பெயர் என்பது சேமித்துவைத்த அனுபவங்களின் மூட்டை. அந்த மூட்டை திறந்து சுவையோடு கலக்கும் இடம் அவர்களுக்கு அடைபட்டுப்போயிருந்தது.

அப்படியானால் ஒரு கட்டுரை, ஒரு காணொளி, ஒரு மின்னஞ்சல் ஒவ்வொன்றும் அந்த மூட்டைக்குள் எதையோ போடுகிறது. என்ன போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மரியன் ஃப்ரீஸ்டாட், பீட்டர் ரைட் இருவரும் 1994-ல் எழுதியதை இங்கே நினைக்க வேண்டும். நம் எல்லோருக்கும் வயது ஏற ஏற, விற்பனைத் தந்திரங்களைப் பற்றிய அறிவும் சேர்ந்துகொண்டே வருகிறது. 'ஓ, இது விளம்பரமா' என்று ஒருமுறை பொறிதட்டிவிட்டால், அதுவரை சொன்ன எல்லாவற்றையும் மனம் திரும்ப எடுத்து வேறு கண்ணோடு பார்க்கும். ஆலோசனை என்று நம்பிப் படித்தது காசு வாங்கி எழுதியது என்று தெரிய வரும்போது, அந்த ஒரு பதிவின் மதிப்பு மட்டும் போவதில்லை. பழைய பதிவுகள் அத்தனைக்கும் கறை படிகிறது. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021-ல், சமூக ஊடகப் பிரபலங்கள் காசு வாங்கிப் போடும் பதிவுகளில் அதை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று விதி வகுத்தது. 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பலர் இதைத் தொந்தரவாக நினைக்கிறார்கள். நீண்டநாள் தொழில் செய்ய நினைப்பவருக்கு இது பாதுகாப்பு என்றே நான் நினைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு பொறிதட்ட எதுவும் இல்லை.

விசுவாசம் என்ற சொல்லையே அளவோடு பயன்படுத்தச் சொன்னவர் லண்டனைச் சேர்ந்த ஆண்ட்ரூ எஹ்ரன்பெர்க். பல பத்தாண்டுகள் வீடுவீடான கொள்முதல் கணக்குகளை ஆராய்ந்த அவர், சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருள்களில் ஒரே பிராண்டை மட்டும் வாங்குபவர் மிகக் குறைவு என்று காட்டினார். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி வாங்குகிறார்கள். சிறிய பிராண்டுக்கு இரட்டை நஷ்டம்: வாங்குபவர்களும் குறைவு, அவர்கள் திரும்ப வாங்கும் தடவைகளும் சற்றுக் குறைவு. ஆகவே இட்லி மாவு விற்பவரும் நீச்சல்குளம் விற்பவரும் ஒரே விசுவாசத்தை எதிர்பார்க்க முடியாது. மாவு விற்பவருக்கு, வாங்கும் நேரத்தில் பெயர் நினைவுக்கு வந்தால் போதும். 'கதிர்கா' சோதனை அவருக்கானது. குளம் வாழ்நாளில் ஒருமுறை வாங்குவது. அங்கே விசுவாசம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும் வார்த்தையாகத்தான் வெளிப்படும். இரண்டுக்கும் நடுவே ஒரு தொழில் இருக்கிறது: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் பெரிய பணம் போட்டு வாங்கும், ஆனால் தினமும் பயன்படுத்தும் பொருள்களை விற்பது. விவசாயக் கருவிகள் அப்படிப்பட்டவை.

அந்தத் துறையில் இணையத்துக்கு வெகுகாலம் முன்பே ஒரு கம்பெனி இப்படி எழுதத் தொடங்கிவிட்டது. ஒட்டும் புல்வெளி மண்ணில் சிக்காத எஃகுக் கலப்பையை 1837-ல் செய்த ஜான் டீர் என்ற கொல்லரின் கம்பெனி, 1895-ல் 'தி ஃபர்ரோ' என்ற இதழை விவசாயிகளுக்காகத் தொடங்கியது. மண், விதை, கால்நடை, பண்ணைக் கணக்கு என்று அவர்கள் தொழிலுக்கு வேண்டியவற்றை எழுதியது. 1912-ல் 40 லட்சம் பிரதிகள் போயின. அப்போது அந்தக் கம்பெனியிடம் விற்க டிராக்டரே இல்லை. 1918-ல் அயோவாவின் வாட்டர்லூவில் இருந்த ஓர் எஞ்சின் கம்பெனியை வாங்கிய பிறகுதான் டிராக்டர் தொழிலுக்குள் வந்தது. எதிரே ஹென்றி ஃபோர்டு மலிவு விலை டிராக்டரோடு நின்றார். 1928-ல் ஃபோர்டு அமெரிக்காவில் டிராக்டர் தயாரிப்பை நிறுத்தினார்; டீர் நிலைத்தது. 1923-ல் வந்த டீரின் உறுதியான மாடல் டி டிராக்டர், ஊர் ஊராக இருந்த விற்பனையாளர்கள் என்று அதற்குக் காரணங்கள் பல உண்டு. இதழுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுப்பது நியாயமாகாது. ஆனால் முதல் டிராக்டரை விற்கப் போன நாளில், அந்தப் பெயர் விவசாயக் குடும்பங்களுக்கு இதழ் வழியாகவே 23 ஆண்டுகளாக அறிமுகமாகியிருந்தது. 'தி ஃபர்ரோ' இன்றும் அச்சில் வருகிறது, இணையத்திலும் வருகிறது. அதன் கட்டுரைகளில் டிராக்டர் விற்கும் பேச்சு மிகக் குறைவு.